எடைக்குப் போட்ட பெட்டி

ஒரு கியர்பாக்ஸின் பாதி விலை. பழைய இரும்புக் கடை காந்தத்துக்கு லாரி முதலாளி தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான்.

முதல் லாரி வாங்கிய வருஷம் அது. பாதியைக் கையில் கொடுத்து, மீதியை அடுத்த நடையில் தருவதாகச் சொல்லிக் கியர்பாக்ஸைத் தோளில் தூக்கி வந்தார். மூன்றாம் மாதம் அதன் பல்லெல்லாம் கொட்டிப்போயிற்று. "ஓடாத சாமானுக்கு எதுக்குடா முழு விலை?" என்றார் முதலாளி. "ஓடினவரைக்கும் ஓட்டினியே, அதுக்கு யாரு குடுப்பா?" என்றார் காந்தம். கையில் எது பட்டாலும் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. முதலாளியின் தலை நரைத்தது. காந்தத்தின் தலையில் நரைப்பதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை. பாக்கி மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

முதலாளி அதைக் கடன் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "இந்தக் கை எவன் கிட்டயும் ஒரு காசு பாக்கி வச்சதில்ல" என்று தினமும் ஒருதரமாவது சொல்லுவார். சொல்லவும் தகுதி உண்டு. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது கொஞ்ச நாள்தான். வாத்தியார் பெயர் எழுதச் சொல்லிக்கொடுத்ததும் இதுபோதும் என்று எழுந்து வந்துவிட்டார். மூட்டை தூக்கினார், கிளீனராக ஏறினார், ஓட்டக் கற்றார், ஓட்டை லாரியை வாங்கி ஒட்டி ஓட்டினார். இன்றைக்கு ஒரு தெரு நீளத்துக்கு லாரிகள் நிற்கின்றன. எந்த லாரி தெருமுனையில் திரும்பினாலும், கண்ணை மூடிக்கொண்டே எந்த வண்டி, யார் ஓட்டுகிறான், பின்சக்கரத்தில் எது காற்றுக் குறைவு என்று சொல்லிவிடுவார். இன்னொரு பெருமையும் உண்டு. அவருடைய ஷெட்டில் சம்பள நாள் ஒருமுறைகூடத் தள்ளிப்போனதில்லை. மழை கொட்டினாலும், சரக்கே வராவிட்டாலும், மாதம் முடிந்த மறுநாள் காலையில் ஓட்டுனர்கள் வரிசையில் நிற்பார்கள், காசு கைக்குப் போகும்.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு தகரப் பெட்டி முட்டிபோட வைத்த கதை இது.

அந்தப் பெட்டி எடைமேடையை ஒட்டிய சின்ன அறையில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. அதற்குள்தான் கம்பெனியின் சர்வர். ஒருமுறை இது என்ன என்று முதலாளி கேட்டபோது மருமகன் விளக்கினார். கம்ப்யூட்டர் படித்தவர் அவர். வெளியில் பெரிய சம்பளத்தை விட்டுவிட்டு மாமனார் ஷெட்டுக்கு வந்தவர்.

"இதுல அப்ளிகேஷன் சர்வர்னு ஒண்ணு இருக்கு மாமா. பில் போடுறது, லாரி எங்க நிக்குதுன்னு காட்டுறது, யாரு எத்தன நடை போனாங்கன்னு சம்பளம் போடுறது, எல்லாப் புரோகிராமும் அது மடியிலதான் உட்கார்ந்திருக்கு. அது எழுந்துட்டா எல்லாரும் தரையிலதான்."

"அப்ப மொத்த வண்டியையும் தாங்குற சேசிஸ்னு சொல்லுங்க" என்றார் முதலாளி.

"கிட்டத்தட்ட."

சேசிஸ் கிழடாகிவிட்டது. உள்ளே விசிறி கத்துகிற கத்தலில் பக்கத்து அறையில் போன் பேச முடியவில்லை. திடீர் திடீரென்று தானே படுத்துக்கொள்ளும்; தட்டி எழுப்ப வேண்டும். புதுப் பெட்டி வாங்குவது என்று முடிவாயிற்று. ஆனால் புதிதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வழியில்லை. அந்த மென்பொருளைப் போட்டுக்கொடுத்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. எதை எங்கே எப்படிச் செட் பண்ணினார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஒரே வழி, ஓடிக்கொண்டிருப்பதை ஓடுகிறபடியே நகல் எடுத்துப் புதியதில் இறக்குவது. குளோன் என்றார் மருமகன்.

"பழசுல இருக்குறத மொத்தமா ஒரே மூட்டையா கட்டி, புதுசுல கொண்டுபோய் அதே மாதிரி பிரிக்கணும் மாமா. அதுக்கப்புறம்தான் வேலையே. பழைய பெட்டியோட பேரும் முகவரியும் உள்ள நூறு இடத்துல எழுதியிருக்கும். ஒவ்வொண்ணா தேடி மாத்தணும். ஒண்ணு விட்டாலும், புதுப் பெட்டி பழைய பெட்டி வாசல்லயே போய் நிக்கும்."

"ஷெட்ட மாத்தினப்ப நம்ம பழைய டிரைவரு ஒருத்தன் அப்படித்தான் போனான். காலி மனையில லாரிய நிறுத்திட்டு ஹாரன் அடிச்சிட்டே இருந்தானாம்" என்று முதலாளி சிரித்தார். விஷயம் தனக்குப் புரிந்துவிட்டது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

மருமகன் நாள்கணக்கில் அந்த அறையிலேயே கிடந்தார். மூட்டை கட்டினார், இறக்கினார், பிரித்தார். முதல் தடவை எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை எழுந்து உடனே விழுந்தது. கடைசியில் சம்பள நாளுக்கு முந்தின நாள் காலையில், முதலாளியின் மகள் கணக்கு அறையிலிருந்து கூவினாள்: "அப்பா, புதுசு ஓடுது! பில்லு பறக்குது!"

முதலாளி போய்ப் பார்த்தார். சத்தமே இல்லை. புதுப் பெட்டி குறட்டைகூட விடாமல் வேலை செய்தது.

"முடிஞ்சுதா மாப்பிள்ளை?"

"முடிஞ்ச மாதிரிதான் மாமா. சர்வர் இங்க வந்தாச்சு. ஆனா கணக்கெல்லாம் கிடக்குற கிடங்கு இன்னும் பழசுலதான் இருக்கு. புதுசு அங்க போய் எடுத்துட்டு வருது. நாளைக்கு சம்பளம் போகட்டும், அப்புறம்தான் அதுல கை வைப்பேன்."

'கணக்கெல்லாம்' என்ற இடத்தில் வாசலில் ஒரு லாரி பின்னால் வந்து தூணை உரசிற்று. முதலாளி "யோவ்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார். அவர் கேட்டது 'வந்தாச்சு' வரைக்கும்தான்.

மருமகன் எச்சரிக்கையான ஆள். குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரக் கிளம்புமுன், பழைய பெட்டியின் நெற்றியில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். 'யாரும் தொடாதீர்கள்.'

மத்தியானம் அந்த அறைக்குள் வந்த முதலாளி தாளைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். அவருக்குச் சுருக்கென்றது. இந்த ஷெட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவர் இறக்கியது. இங்கே அவர் தொடக்கூடாத பொருள் ஒன்றா? அதோடு, ஒரு வேலைக்கு இரண்டு ஆள் நிற்பதை அவர் கண்ணால் பார்க்கப் பொறுக்கமாட்டார். புதுசு ஓடுகிறது, பழசு பக்கத்தில் உட்கார்ந்து கரண்டைத் தின்றுகொண்டு கத்துகிறது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய சாமான் வாங்குகிற தள்ளுவண்டிக்காரரின் மணி கேட்டது. முதலாளி தாளைக் கிழித்தார், பிளக்கைப் பிடுங்கினார், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தார். இந்த வயதிலும் முதுகு வளையாமல் தூக்கினார், அதையும் சொல்ல வேண்டும். கிடைத்த சில்லறையில் எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார்.

டீ ஆறுவதற்குள் மகள் வந்து நின்றாள்.

"அப்பா, ஸ்கிரீன்ல எல்லாம் செவப்பா வருது."

"கம்பி கழண்டிருக்கும். ஆட்டிப் பாரு."

"ஆட்டிட்டேன். நாளைக்குச் சம்பளக் கணக்கு எடுக்கலாம்னு போனா, கணக்கே இல்லங்குது."

முதலாளி போய்ப் புதுப் பெட்டியின் முன் நின்றார். லாரி நின்றுபோனால் அவருக்கு வழி தெரியும். பானட்டைத் திறப்பார், மோப்பம் பிடிப்பார், கை உள்ளே போகும். இங்கே எதைத் திறப்பது? காதை வைத்துக் கேட்டார். சத்தமில்லை. மேலே தட்டினார். மெதுவாகத் தட்டியது போதவில்லையோ என்று ஓங்கித் தட்டினார். மேசைவிசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். ஓட்டுனர்கள் இரண்டுபேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? புது வண்டி, கொஞ்சம் இழுக்கும்" என்றார். குரலில் வழக்கமான கனம் இல்லை.

மருமகன் திரும்பி வந்தார். ஸ்கிரீனைப் பார்க்கவேயில்லை. அலமாரியின் கீழ்த்தட்டைத்தான் பார்த்தார். தூசிக்கு நடுவில், பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சுத்தமாக இருந்தது.

"மாமா, பழசு எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"எடைக்கு."

மருமகன் அந்த வெற்றுத் தட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இத்தன மாசக் கணக்கும் அதுலதான் மாமா இருக்கு. ஓட்டுனருங்க நடை, முன்பணம், பிடித்தம், எல்லாமே."

"இன்னொரு நகல் எடுத்து வைக்கிறதில்லையா நீங்க?"

"எடுத்து வச்சிருக்கேன். வெளிய வைக்க ஒரு டிஸ்க் கேட்டேன். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு டிஸ்க் போட்டா போதாதான்னு நீங்கதான் கேட்டீங்க. அதனால நகலும் அதுக்குள்ளதான்."

முதலாளி லாரிச் சாவியைத் தேடினார். மகள் அதை எடுத்து நீட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதுப் பெட்டியையும் ஸ்கிரீனையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, தள்ளுவண்டிக்காரரைப் பாலத்துக்கு அருகில் பிடித்தார்கள். வண்டி காலி. "மொத்தத்தையும் போட்டாச்சே. எப்பவும் போடுற இடம்தான், காந்தம் கடை" என்றார் அவர்.

லாரியின் ஸ்டீயரிங்கில் முதலாளியின் கை ஒருகணம் நின்றது. "மாப்பிள்ளை, நீங்க மட்டும் போய்ப் பேசிட்டு வாங்களேன்."

"எனக்கு அவரத் தெரியாதே மாமா."

"எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை."

காந்தத்தின் கடை துருப்பிடித்த மலை. நடுவில், வெயிலுக்குச் சாக்கு கட்டி, ஒரு மேசை போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அந்தப் பெட்டி. மூடி கழற்றியாயிற்று. டிஸ்க் இரண்டும் வெளியே வந்து, ஒரு தட்டில் பழைய பூட்டுகளோடு கிடந்தன. ஸ்குரூடிரைவர் காந்தத்தின் கையில். முதலாளியைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அட, கியர்பாக்ஸா? வழி தப்பி வந்துட்டியா?"

"அந்தப் பெட்டி என்னோடது."

"காலையில உன்னோடது. இப்ப என் மேசையில இருக்கு."

மருமகன் அதற்குள் தட்டை அள்ளிவிட்டார். "ஐயா, இத எதிலயாவது மோதினீங்களா? கீழ போட்டீங்களா? காந்தம் கீந்தம் வச்சிப் பாத்தீங்களா?"

"நானே காந்தம்தான் தம்பி. என்ன மாப்பிள்ளை, வேர்த்துக் கொட்டுது? மாமனாரு வித்ததத்தான் வாங்கினேன்."

கெஞ்சிக் கூத்தாடி, மருமகன் அங்கேயே டிஸ்க்குகளை மாட்டினார். லாரியிலிருந்து புதுப் பெட்டியை இறக்கிவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. காந்தத்தின் பிளக்கில் கரண்ட். பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். ஒன்றுமில்லை. முதலாளி ஒரு பழைய சக்கரத்தின்மேல் உட்கார்ந்தார். மூன்றாம் முறை விசிறி அலறிக்கொண்டு எழுந்தது. அந்தக் கத்தல் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று முதலாளி நினைத்ததே இல்லை.

"இருக்கு மாமா. எல்லாம் இருக்கு." மருமகனின் முகம் மலரவில்லை. "ஆனா ஒரு டிஸ்க் கடகடன்னு சத்தம் போடுது. இன்னொரு தடவ அணைச்சா எழுந்திரிக்கும்னு சொல்ல முடியாது. இங்கயே வச்சு, இப்பவே புதுசுக்கு இறக்கிடணும். பொழுது சாய்ற வரைக்கும் ஆகும். அதுவரைக்கும் யாரும் கரண்டத் தொடக்கூடாது."

தொடக்கூடாது என்ற சொல் காதில் விழுந்த அடுத்த நொடி, காந்தம் சாவகாசமாக நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப்போட்டு உட்கார்ந்தார். இடது கை போய் பிளக்கின்மேல் அமர்ந்தது.

"டேய்!" என்று எழுந்தார் முதலாளி.

"பிடுங்கல. சும்மா பிடிச்சிட்டிருக்கேன். நமக்குள்ள ஒரு சின்னப் பாக்கி இருக்குல்ல?"

"பல்லு கொட்டின கியர்பாக்ஸுக்குப் பாக்கி என்னடா பாக்கி?"

"என்ன மாமா?" மருமகன் ஸ்கிரீனிலிருந்து தலையைத் திருப்பினார். "எவன் கிட்டயும் ஒரு காசு…"

"நீங்க அதப் பாருங்க மாப்பிள்ளை!"

"வட்டி வேணாம்" என்றார் காந்தம். "அன்னைக்குப் பேசினதுல பாதி. அதுக்குமேல ஒரு காசு வாங்கமாட்டேன். நான் உன்ன மாதிரி இல்ல."

ஸ்கிரீனில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. நகர்கிறதா என்றே சந்தேகம் வருகிற நகர்வு. முதலாளி அதைப் பார்த்தார். பிளக்கின்மேல் இருந்த கையைப் பார்த்தார். அந்தக் கையைத் தள்ளிவிட அவருடைய தோளில் இன்னும் வலு இருந்தது. ஆனால் தள்ளினால் பிளக்கும் கையோடு வந்துவிடும். மருமகனிடம் ஏதாவது வழி இருக்குமா என்று பார்த்தார். அவர் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. நாளைக் காலையில் வாசலில் நிற்கப்போகிற வரிசை கண்ணில் வந்தது. யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல், பூட்டிய கல்லாவுக்குப் பின்னால் தான் நிற்பதும் வந்தது.

ஷெட்டில் ஒரு போன் போட்டால் ஊரில் பாதிப்பேர் வந்து நிற்பார்கள். வந்து என்ன செய்வார்கள்? பச்சைக் கோட்டைத் தள்ளவா முடியும்?

"அந்தப் பல்லு மூணாம் மாசமே கொட்டிடுச்சுடா" என்றார் மறுபடி. இந்த முறை அது சண்டைபோல வரவில்லை.

"கொட்டிச்சு. நான் இல்லன்னு சொன்னேனா?"

"பின்ன?"

"மூணு மாசம் ஓடிச்சில்ல. அந்த மூணு மாசத்துலதான்டா ரெண்டாவது லாரிக்கு முன்பணம் கட்டின."

முதலாளி சட்டைப்பையில் கை விட்டார். அன்றைக்கு அவரைத் தூங்கவிடாத தொகை. இன்றைக்கு ஒரு டயர் டியூபுக்குக்கூடக் காணாது. அதை நினைக்கத்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பெரிய தொகையாக இருந்திருந்தால் எதற்காக இத்தனை காலம் முறைத்தோம் என்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

"முதல்ல கைய எடுடா" என்றார்.

"முதல்ல வையி."

பெட்டி கத்திக்கொண்டிருந்தது. டிஸ்க் கடகடத்தது. இடது கையைப் பிளக்கிலிருந்து எடுக்காமலே காந்தம் வலது கையை நீட்டி விரித்தார். ரேகைக்குள்ளெல்லாம் துரு ஏறிய கை. முதலாளி ஒவ்வொரு நோட்டையும் விரலால் உரசிப் பார்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக, மருமகன் காதில் விழாத குரலில் எண்ணி எண்ணி அந்தக் கையில் வைத்தார்.