இரண்டு பேருக்கென்று ஒரு ஞாயிறு

எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பதே அபூர்வம். சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. தப்பித்தவறிக் கிடைக்கிற ஞாயிறும் என்னுடையதாக இருக்காது. பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் சாமத்தியவீடு, பிறந்தநாள், புதுவீடு என்றால் குடிபூரல், ஒன்றுமில்லையென்றால் அட்லிஸ்வில் முருகன் கோயில். அந்த ஞாயிறு மட்டும் எந்த அழைப்பும் இல்லை. பிள்ளைகளும் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள்.

"நாங்கள் ரெண்டு பேரும் ரெயினில வெவேக்குப் போய், ஏரிக்கரையில சும்மா நடந்திட்டு வருவமோ?" என்று கணவரிடம் கேட்டேன். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் நானாகக் கேட்ட ஒரே பயணம் அது. "ஓம், போவம்" என்றார்.

விடிந்தால் மழை. பெய்தால் பெய்யட்டும், குடை இருக்கிறது என்று வெளிக்கிட்டோம். ரெயின் குகையை விட்டு வெளியே வந்ததும் கீழே ஏரி தெரிந்தது. எதிர்க்கரை மலைகளைக் காணவில்லை. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில், கடலைப் போலவே இருந்தது. "பாருங்கோ" என்று திரும்பினால் மனுசன் காதில் போனை வைத்திருக்கிறார்.

"தம்பியோட கதைச்சனான். ஸ்ரேசனுக்கு வாறானாம்."

தம்பி என்றது அவருடைய சித்தப்பாவின் மகனை. வெவேயில்தான் இருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனுக்கு ஏன் இப்ப எடுத்தனீங்கள்?"

"சொல்லாமல் வந்திட்டுப் போனால் குறை நினைப்பான். மழைக்கை நிண்டு என்ன செய்யப்போறீர்? ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம்."

எட்டிப் பார்ப்பதாம். எங்கள் ஆட்களின் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்பியவர் யாராவது இருந்தால் காட்டுங்கள். தேத்தண்ணி, பலகாரம், பிறகு அவர்களுடைய மகளின் சாமத்தியவீட்டு வீடியோ. அந்தச் சாமத்தியவீட்டுக்கு நாங்களே போயிருந்தோம். வீடியோவில் நான் சாப்பிடுகிறேன், சோபாவில் இருந்து அதை நானே பார்க்கிறேன். ஆண்கள் இருவரும் காலை நீட்டிக்கொண்டு ஊர்ப்பட்ட கதை கதைத்தார்கள். குசினியிலிருந்து தம்பியின் மனைவி கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். இந்த வெங்காயத்தை மட்டும் அரிஞ்சு தாங்கோ."

கிழமை முழுக்க வெங்காயம் அரிகிறவள், லீவு நாளில் ரெயின் ஏறி வந்தும் வெங்காயம் அரிந்தேன். ஜன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அவளில் எனக்குக் கோபமில்லை, பாவம், அவளுக்கும் அது ஞாயிற்றுக்கிழமைதான். கோபமெல்லாம் சோபாவில் இருந்த மனுசன் மேல். ஒரு நாள், ஒரேயொரு நாள் என்னோடு தனியாக இருப்பது இவருக்கு அவ்வளவு பாரமா? கத்தியை வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டேன்.

"எங்கை போறீர் இந்த மழைக்கை?"

"ஏரிக்கு. வாறதெண்டால் வாங்கோ. தனிய வாங்கோ."

படகுத்துறையில் கூரைக்குக் கீழே உட்கார ஒரு மர வாங்கு இருந்தது. அதன் ஒரு ஓரமாக இருந்தேன். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அவர் வராவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டே பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதில் என்மேலேயே எரிச்சல் வந்தது.

கொஞ்ச நேரத்தில் வந்தார். பக்கத்தில் தம்பி. பின்னால் தம்பியின் மனைவி, கையில் சோற்றுப் பெட்டி.

"நான் தனியத்தான் வெளிக்கிட்டனான்" என்றார் அவர், மற்ற ஓரத்தில் இருந்துகொண்டு. "இவையள் விடேல்லை."

"அண்ணி பசியோட போயிட்டா. எப்பிடி விடுறது?" என்ற தம்பி, எங்கள் இருவருக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டான்.