இருபத்திரண்டு நாள் மாத்திரை

அந்த வரிசை வீடுகளில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். ஊசி போடுவதென்னவோ சுகாதார நிலையத்து நர்ஸ்தான். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்துவருவது மட்டும் இவள் வேலை. ஆனாலும் பிள்ளைகள் இவளைக் கண்டால்தான் கட்டிலுக்கடியில் ஒளிந்தன. "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று சிரிப்பாள். பதினேழு வருடமாகத் தற்காலிக ஊழியர். ஆறு மாதத்துக்கொரு முறை கையெழுத்துப் போட்டு வேலையைப் புதுப்பித்துக்கொள்வாள்.

கடைசி வீட்டு வெல்டருக்கு இருமல். பட்டறையில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்தே வைத்திருந்தான். ஊசியக்காதான் மன்றாடிச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். காசநோய். அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் பின்வாசல் வழியாகப் போய், அவன் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

"எங்கம்மாகூட என்னை இப்படி மிரட்டிச் சோறு ஊட்டுனதில்லக்கா" என்பான். மூன்று மாதத்தில் கன்னம் தேறியது.

நான்காவது மாதம் நிலையத்தில் மாத்திரை தீர்ந்தது. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்றே இருபத்திரண்டு நாள் ஓடியது. பக்கத்து நிலையங்களுக்கெல்லாம் நடந்தாள். அங்கேயும் கையை விரித்தார்கள். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

மேற்பார்வையாளர் அம்மாள் அவளைத் தனியே அழைத்தார். "எல்லாருக்கும் மருந்து போயிருக்குன்னு மேல அறிக்கை அனுப்பியாச்சு. கட்டத்தை நிரப்பிடுங்க. நிரந்தரப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு. இந்த நேரத்துல போய் வம்பை விலைக்கு வாங்காதீங்க."

அவள் நிரப்பினாள். மளமளவென்று இருபத்திரண்டு 'டிக்' போட்டு முடித்தாள்.

அதற்குப் பிறகும் பல வாரம் கழித்துத்தான் மாத்திரை வந்தது. அதற்குள் இருமல் திரும்பியிருந்தது. பழைய மருந்துக்கு நோய் மசியவில்லை. பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். பத்தே வாரத்தில் வெல்டர் போய்விட்டான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "பதிவேட்டுல காலியா இருந்தவங்களுக்கெல்லாம் அவசரக் கையிருப்புல இருந்து ஒரே வாரத்துல அனுப்பிட்டோம்." எல்லோரும் கை தட்டினார்கள். ஊசியக்காவுக்குக் காது அடைத்துப்போனது. நாலைந்து கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் போதும், அவனுக்கும் அந்த வாரமே மருந்து வந்திருக்கும்.

அதே வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. அதைப் பிரிக்காமலே மேற்பார்வையாளரிடம் போனாள். "அந்தப் பதிவு பொய்னு எழுதிக் கொடுத்துடறேன்மா."

"எழுதுங்க. உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். அவர் எழுந்து வந்துடுவாரா?"

எழுதவில்லை. பதினேழு வருடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

வெல்டரின் மனைவிக்கும் மகளுக்கும் பரிசோதனை செய்தாக வேண்டும். அதற்காகப் போனவளை அந்தப் பெண் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "கூடப்பிறந்தவ மாதிரி பாத்தீங்கக்கா. எங்க போதாத காலம், உங்களைச் சொல்லி என்ன?"

அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கட்டங்கள், உத்தரவு, அவசரக் கையிருப்பு, எதையும் மறைக்கவில்லை.

அந்தப் பெண் அழவில்லை, ஏசவுமில்லை. மகளைப் பிடித்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, "எழுந்திரிங்க" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் போனபோது பின்வாசல் உள்ளே தாழிட்டிருந்தது. வேறு நிலையத்தில் மகளைக் காட்டினார்கள் என்று கேள்வி.

ஊசியக்கா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது எல்லா நிலையங்களின் பதிவுகளும் வந்துசேரும் தலைமை அலுவலகத்தில் நாற்காலி, மின்விசிறி, ஓய்வூதியம் உள்ள வேலை. அந்தச் சிறுமியின் பரிசோதனை முடிவு அடுத்த அறை அலமாரியில்தான் இருக்கிறது. போய்ப் பார்க்க இன்னும் அவளுக்குத் துணிவு வரவில்லை.