என் முகம் போட்ட அட்டைப்படமும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணியார் சொன்னார். அண்ணனின் நல்ல குணங்களை நாலு பக்கம் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு நேர்ந்த ஒரு துன்பத்தைச் சுமந்தே அவர் ஆயுள் கழிந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரையோ பற்றியதாக இருக்கும்.

அண்ணன் பிறந்தது ராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில். தந்தையார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே தாயார் காமாலையில் போய்விட்டார். அண்ணன் அப்போதே ஓரளவு வளர்ந்த பிள்ளை. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ரேஷன் வரிசையில் நிற்பார் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டார். ஒரு ஒப்பந்தக்காரரிடம் நிலக்கரி அள்ளப் போய், பிறகு அங்கேயே கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்து குளித்தாலும் காது மடிப்பில் கரி இருக்கும். நான் துணியை ஈரமாக்கித் துடைத்துவிடுவேன்.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்தார்கள். படம் நன்றாக வந்திருந்ததால் கடைக்காரர் ஒரு பிரதியைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார். எங்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. திருவொற்றியூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயமும் ஆனது.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டோல்கேட் பெட்டிக்கடையில் வாங்கிய ஒரு மாத நாவலைத் தந்தையாரின் முன்னால் போட்டார்.

"இன்னாய்யா இது? எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு பொட்டிக்கடைல கிளிப்பு மாட்டித் தொங்கிகினு கீது!"

அட்டையில் இருந்தது என் முகம். ஸ்டூடியோவில் நான் சாய்த்த அதே கழுத்து, அதே ஒற்றைக்கல் மூக்குத்தி. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தோளில் புடவை இல்லை. கையில் ரத்தம் சொட்டும் கத்தி. பின்னால் கட்டிலில் ஒருவன் செத்துக் கிடந்தான்.

தங்கைக்கு எதுவும் தெரியாது என்று அண்ணன் அந்தத் தாய்மாமனின் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னார். அவர் போய்விட்டார். தந்தையார் என்னை அடித்தார். "நீ பல்ல காட்டிகினு நின்னிருக்க, அவன் வரஞ்சிட்டான்" என்றார். வீட்டிலிருந்த என் படங்களை எல்லாம், பள்ளிக்கூடத்தில் எடுத்தது உட்பட, கிழித்துச் சாக்கடையில் போட்டார். அதன்பின் சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சோற்றுத் தட்டைத் தொட மாட்டார். அண்ணன் அதை எடுத்து மறுபடி வைத்தால் சாப்பிடுவார்.

கல்யாணம் நின்றது. பிறகு வந்த வரன்களுக்கும் அந்த நாவல் எப்படியோ போய்ச் சேர்ந்தது. நான் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலைக்குப் போனேன். இன்றுவரை அதுதான் என் வாழ்க்கை.

அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டார். யாரோ ஓர் ஓவியர் கேட்டார், கொடுத்தேன் என்றார் கடைக்காரர். அந்த ஓவியரைத் தேடி அண்ணன் புளியந்தோப்புக்குப் போனதைப் பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். போகும்போது இடுப்பில் இரும்புக் கம்பி வைத்திருந்தாராம். ஓவியர் கிழிந்த பனியனோடு தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாராம். அண்ணன் நாவலை நீட்டியதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அழகா இருந்திச்சுப்பா, அதான் வரஞ்சேன். போட்டோல கீற மூஞ்சிக்கு வூடு வாசல் இருக்கும்னு நான் நெனைக்கல. அடிக்கறதுன்னா அடிச்சிக்கோ."

அண்ணன் கம்பியை வெளியே எடுக்கவில்லை. சுவர் முழுக்க அட்டைப்படங்கள் காய்ந்துகொண்டிருந்தனவாம். அவற்றைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அதன்பிறகுதான் அந்த நாவலை, இனி யார் கையிலும் சிக்கக் கூடாது என்று, கண்ட இடத்திலெல்லாம் வாங்கத் தொடங்கினார். மாத நாவல் அந்த மாதத்தோடு ஒழிவதில்லை என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். படித்தவர் பழைய பேப்பர் கடையில் போடுவார், அங்கிருந்து நடைபாதைக் கடைக்கு வரும், வாடகை நூலகத்துக்குப் போகும், திரும்பவும் நடைபாதைக்கு வரும். அண்ணன் வேலை முடிந்ததும் சைக்கிளில் அந்தக் கடைகளை எல்லாம் சுற்றுவார். அந்த ஒரு நாவலை மட்டும் கேட்டால் கடைக்காரர் அட்டையை உற்றுப் பார்ப்பார் என்று, கூடவே பத்துப் பதினைந்து வேறு நாவல்களையும் பழைய வாரப் பத்திரிகைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருவார். என் படம் போட்டதை எண்ணூர் கடற்கரையில் கொளுத்திவிட்டதாகத் தந்தையாரிடம் சொல்வார். மற்றவை வீட்டில் குவிந்தன.

அப்படிக் குவிந்தவற்றை எப்போது ரசிக்கத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தால் தரையில் பரப்பி வைத்து, ஓவியர் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கதைகளை அவர் படித்ததே இல்லை. நிலா வெளிச்சத்தில் ஓடும் பெண், புகைக்குள் பாதி முகம், கோணலாக விழுந்த சிவப்பு எழுத்து, இவைதான் அவருக்கு வேண்டும். "இந்த ஆளு பயத்த கண்ணுல வரைய மாட்டான், வெரல்ல வரைவான், பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் பார்க்க மாட்டேன்.

அண்ணன் கல்யாணம் செய்துகொண்டது தந்தையார் போன பிறகு. எர்ணாவூரில் தரைத்தளத்தில் வீடு பிடித்தார்கள். "எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லி என்னையும் அழைத்துப் போனவர் அண்ணியார்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஓர் அறையைப் புத்தகங்களே எடுத்துக்கொண்டன. வீட்டுக்கு வரும் சொந்தங்கள் அரைகுறைத் துணிப் படங்களைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், அண்ணியார் கதவைச் சாத்திவிட்டுக் காபி கொடுப்பார். அண்ணனைப் பற்றி என்னென்ன பேசினார்கள் என்பது இந்த மலரை வாசிக்கும் சிலருக்கே தெரியும். அவர் ஒருவருக்கும் விளக்கம் சொன்னதில்லை. சொன்னால் என் கதையைச் சொல்ல வேண்டிவரும்.

அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது ஐம்பது வயதுக்கு மேல். நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி விரியாது என்று மருத்துவர் சொன்னார். கிரேன் வேலை நின்றது. நடைபாதைக் கடைகளுக்குப் போக முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

அந்த நிலையில்தான் புயல் மழை வந்தது. காலையில் வாசல்வரை நின்ற தண்ணீர் மதியத்துக்குள் கட்டில் உயரம் ஏறிவிட்டது. அது வெறும் தண்ணீர்கூட இல்லை. எங்கிருந்தோ கசிந்த எண்ணெய் கலந்து, கறுப்பாக, தொட்டால் கையை விட்டுப் போகாத பிசுக்கோடு வந்தது. அண்ணனை மாடிக்கு ஏற்றிவிட்டு நானும் அண்ணியாரும் அரிசியைத் தூக்கிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை.

பக்கத்து வீட்டு மீனவத் தம்பி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, புத்தக அறையிலிருந்து அவரைத் தூக்கி வந்தார். "பெருசு, உயிர் முக்கியமா பேப்பர் முக்கியமா? இன்னா ஆளு நீ!" என்று கத்தினார். அண்ணன் உடம்பெல்லாம் எண்ணெய். பேச மூச்சில்லை. ஆனால் பாலிதீனில் சுற்றிய ஒரு புத்தகக் கட்டை மட்டும் மார்போடு பிடித்திருந்தார்.

தண்ணீர் வடிய நாளாயிற்று. அறையைத் திறந்தபோது அத்தனை புத்தகங்களும் ஒரே கறுப்புக் களியாக ஒட்டிக் கிடந்தன. மண்வெட்டியால்தான் வெட்டி எடுக்க முடிந்தது. குப்பை லாரியில் அள்ளிப் போட்டார்கள். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிக் கூடைவரை பார்த்தார்.

மாடியிலிருந்த அந்தப் புத்தகக் கட்டை நான்தான் பிரித்தேன். உள்ளே இருந்தவை எல்லாம் ஒரே நாவல். பிரதிக்குப் பிரதி என் முகம்.

"கொளுத்திட்டேன்னு சொன்னியேண்ணா?"

"நைனா கேட்டாரு, சொன்னேன். உன் மூஞ்சிய எப்டிம்மா கொளுத்துறது? வூட்ல உன் போட்டோ ஒண்ணுகூட இல்ல."

நான் அன்றைக்குத்தான் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். கத்தியையும் ரத்தத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் இருபது வயதில் நான் எப்படி இருந்தேன் என்பது அதில் இருந்தது. எனக்கே மறந்துபோயிருந்தது. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாதான் வரஞ்சிருக்கான், இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பேசியது அந்த ஒரு முறைதான்.

எண்ணெய்த் தண்ணீரில் இறங்கியபின் அவர் உடம்பு தேறவில்லை. அரசு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். கடைசியில் ஒரு காலை வேளையில் அண்ணியாரின் தோளில் சாய்ந்திருந்தவர் அப்படியே அடங்கிவிட்டார். மருந்து இல்லாத நோய் என்று தெரிந்தும் அவர் மூச்சுக்குப் போராடியதைப் பார்த்தது இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

அவரை வெள்ளத்திலிருந்து தூக்கி வந்த தம்பிக்கும், வார்டில் அவர் முதுகைத் தடவிக்கொடுத்த செவிலியருக்கும், செய்தி கேட்டு வண்ணாரப்பேட்டையிலிருந்து மாலையோடு வந்து நின்ற பழைய புத்தகக் கடை பாய்க்கும், காரியங்களை முன்னின்று நடத்திய தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பழிச்சொல் கேட்டும் கணவரை ஒரு கேள்வியும் கேட்காமல் வாழ்ந்த அண்ணியாருக்கு நன்றி சொல்ல எனக்கு ஆயுள் போதாது.

இந்த மலரின் பின்னட்டையில் அந்த நாவலின் படத்தை அச்சிட்டிருக்கிறோம். நினைவு மலரில் இது தகுமா என்று பெரியவர்கள் சிலர் தடுத்தார்கள். அவர்கள் மன்னிக்க வேண்டும். கத்தியோடு நிற்கும் அந்தப் பெண் யார் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், புத்தகத்தை மூடிவிடாதீர்கள். நம்ம அத்தை என்று சொல்லுங்கள்.