சென்னை–சிங்கப்பூர் நான்கு மணி நேரம், தியாகதுருகம் வழியாக

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதுகிறீர்கள். ஆகாய வழியில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு மணி. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதால் டிக்கெட்டில் ஆறரை மணி நேரம் போலத் தெரியும், பயப்படாதீர்கள். நான் முதன்முதலில் போனது எண்பதுகளின் கடைசியில். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்து, எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. குறித்த தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல் எங்கள் ஊர். அங்கிருந்து மீனம்பாக்கம் சுமார் 250 கிலோமீட்டர், சாதாரண நாளில் பஸ்ஸில் ஏழு மணி நேரம். விமானம் மறுநாள் இரவு பதினொன்றுக்கு. பஸ் ஓடாததால் சித்தப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்கே கிளம்பினார்.

அவரிடம் ஒரு யோசனை இருந்தது. சாவுச் சேதி கொண்டுபோகிறவரை எங்கள் பக்கம் யாரும் மறிக்க மாட்டார்கள். தியாகதுருகத்தில் சாலைக்குக் குறுக்கே கிடந்த புளியமரத்தின்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எழவு சொல்லப் போறோம்பா," என்றார் சித்தப்பா.

"யாருங்க தவறிட்டாங்க?"

அதை மட்டும் அவர் யோசித்து வைக்கவில்லை. தனக்குத் தெரிந்த மாட்டுத் தரகர் பெயரைச் சொல்லிவிட்டார். "ரிஷிவந்தியம் கண்ணுசாமி."

மரத்திலிருந்து ஒருவர் குதித்தார். "ஐயோ, எங்க மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். அடி விழுந்தது என்றே நினைத்தேன். சேகர் என்ற அந்த அண்ணன் சித்தப்பாவைக் காதுகொடுத்துக் கேட்க முடியாதபடி ஒரு சுற்றுத் திட்டித் தீர்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மாமா உசுரோடதான இருக்காரு? அது போதும். நீ இன்னாத்துக்கு சிங்கப்பூரு போற?"

"வேலைக்குண்ணா. இங்க கெடைக்கல."

"அதுக்குத்தான் நாங்களும் இங்க குந்திக்கினு இருக்கோம்," என்றபடி தன் மொபெட்டை எடுத்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். சித்தப்பா ஊர் திரும்பினார்.

மரம் கிடந்த இடமெல்லாம் அங்கிருந்தவர்கள் வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "நம்ம ஆளு, வேலைக்குப் போறான்," என்று அவர் சொன்னால் போதும். வழி நெடுக அவருக்கு விமானத்தைப் பற்றியே கேள்வி. "அவ்ளோ தூரம் நாலு மணி நேரந்தானா? நடுவுல டீக்கு நிக்க மாட்டானா? கக்கூஸ் வந்தா?" எனக்கும்தான் என்ன தெரியும்! இருவருமாக ஆளுக்கொரு பதில் கட்டிக்கொண்டே போனோம். இரவு விழுப்புரத்தில் தங்கல். மறுநாள் மதியம் திண்டிவனம் தாண்டி, மறியல் இல்லாத இடத்தில் என்னை ஒரு லாரியில் ஏற்றிவிட்டார்.

"நாலு மணி நேரந்தான? பொங்கலுக்கு வந்துடு."

"இல்லண்ணா. ரெண்டு வருசம் வேல பாத்தாதான் திரும்பி வர டிக்கெட் குடுப்பாங்க."

லாரி நகர்ந்தது. அவர் கூடவே நாலடி நடந்து வந்தார். "அப்ப ரெண்டு வருசம்னு சொல்லு. இன்னாத்துக்கு நாலு மணி நேரம்னே சொல்லிக்கினு வந்த?"

வீட்டில் அழாதவன் அந்த லாரியில் அழுதேன். விமானத்தைப் பிடித்துவிட்டேன், வேலையும் கிடைத்தது.

போகிறவர்களுக்கு: விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருங்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கையில் அரைநாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் என்பது போவதற்குத்தான். திரும்பி வர எனக்கு இரண்டு வருடம் நான்கு மாதம் ஆனது.