கெலிஓயாவில் செய்த தூண்டில் ஸ்டாண்ட்

வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு நெருப்புப் பொறியால் வருகிற ஆபத்து கொஞ்சம்தான். கையில் ஒரு போட்டோவோடு "இதே மாதிரி ஒன்னு" என்று உள்ளே நுழைகிறவரால் வருவதுதான் அதிகம். கேட் அடிக்கிறவர்கள், அலுமாரி செய்கிறவர்கள், சட்டை தைக்கிறவர்கள், கேக்கில் பூப்போடுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். நீங்கள் எல்லாரும் என் கட்சி. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என் பட்டறை கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில், கம்பளைக்குப் போகிற வீதியோரம். நானும் நிஸ்தார் நானாவும் சேர்ந்து நடத்துகிறோம். நான் ஒட்டுவேன், அவர் மினுக்குவார். கேட், ஜன்னல் கம்பி, ஹோட்டல் குசினிக்கு மேசை, இவைதான் எங்கள் வேலை. கலஹா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் முடித்த புதிதில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்தவன் நான். படகுக்குச் சாமான் செய்யப் போகிறேன் என்று யார் நினைத்தது?

அளவு

கண்டி டவுனில் தங்குவிடுதி வைத்திருக்கும் ரத்னம் முதலாளி ஒருநாள் வேனில் வந்து இறங்கினார். அவருக்கும் அவருடைய மச்சானுக்கும் நீர்கொழும்பில் ஒரு படகு இருந்தது. விடுதிக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஆழ்கடலுக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்கவைக்கிற படகு. அதன் பின்பக்கத்தில் ஒரு ஸ்டாண்ட் வேண்டும். ஆறு தூண்டில் தடிகளைச் சாய்த்து நிறுத்த ஆறு குழாய், நடுவில் மீன் வெட்ட ஒரு பலகை, பக்கத்தில் கத்தி செருக ஒரு தட்டு. எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். போட்டோவைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

"படகோட பின்பக்கம் எவ்வளவு அகலம்?" என்று கேட்டேன். அவர் இரண்டு கையையும் விரித்து, "இவ்வளவு இருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் விரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசினி மேசை ஒரு விரல் பிசகினாலே சுவரில் இடிக்கும். இது கடலில் ஆடுகிற சாமான்; ஆணி அறைகிற இடம் பிசகினால் ஆளோடு சேர்ந்து தண்ணீரில் விழும். படகை நேரில் பார்க்காமல் பைப்பில் கைவைக்க மாட்டேன் என்றேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. கைவேலைக்காரர்களை எங்கள் பக்கம் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்; அவரும் அப்படியே கேட்டார்.

"கேட்டுக்கு அளவெடுக்க வீட்டுக்கு வந்தீங்க, சரி. இதுக்கும் நீர்கொழும்பு வரைக்கும் போகணுமா பாஸ்? படகு என்ன, வளரவா போகுது?"

கரையில் ஒரு நாள்

போனேன். விடியக் கிளம்பி பஸ் மாறி, அளவு நாடாவும் மட்டப்பலகையும் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், படகு இல்லை. நான் வருகிறேன் என்று முதலாளி யாருக்கும் சொல்லவில்லை. படகு கடலுக்குப் போய்விட்டது. கருவாடு காய்கிற வெயிலில் நானும் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயந்தரம் படகு வந்தது. ஓட்டுகிறவர் அன்டன் என்ற நீர்கொழும்புக்காரர். நல்ல மனுஷன். "அளவா? ஏறுங்க" என்று கைகொடுத்து ஏற்றினார். ஏறிக் குனிந்து நாடாவைப் பிடித்ததும் படகு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். மட்டப்பலகையின் குமிழ் ஒரு நிமிஷம் நடுவில் நிற்கவில்லை. அளவை எழுதி முடித்தேன். முடித்தவுடனே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற ரொட்டியைக் கடலுக்குக் கொடுத்தேன். முதலாளி மேல் வந்த ஆத்திரமும் அதோடு போயிருக்கலாம்; போகவில்லை. அன்டன் என் முதுகைத் தடவிவிட்டார்.

"கவலப்படாதீங்க அண்ணே. எல்லாருக்கும் வர்றதுதான். கயித்துல கட்டிவச்ச படகுல ஒருத்தருக்கு வாந்தி வந்து பார்த்தது மட்டும் இன்னைக்குத்தான்."

கேட்டுக்கு வந்த டீச்சர்

வேலை தொடங்கியது. குழாயின் வாயைப் பூப்போல விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தடியில் கீறல் விழும். ஆறும் ஒரே சாய்வில் நிற்க வேண்டும். இதற்கு நடுவில் முதலாளி போன் பண்ணி, சாய்வைக் கூட்டு என்பார். அவர் மச்சான் போன் பண்ணிக் குறை என்பார். இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்துதான் பேசினார்கள். "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு எனக்குப் பேசுங்க" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மங்களம் டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக் கேட் பாதி வெல்டிங்கோடு என் பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. முதலாளியின் அவசரத்தால் அதைத் தள்ளிவைத்திருந்தேன். டீச்சர் மினுமினுக்கும் ஆறு குழாயையும் பார்த்தார். துருவேறத் தொடங்கிய தன் கேட்டையும் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு அமைதியாகச் சொன்னார்:

"ஓம், நீங்கள் முதல்ல மீனைப் பிடியுங்கோ தம்பி. கள்ளன் வந்தால் நான் கதிரை போட்டு இருத்தி வைக்கிறன்."

அன்று பின்னேரமே கேட்டை முடித்து, அவர் வீட்டு வாசலில் பொருத்திப் பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் குழாயைத் தொட்டேன்.

கண்டியில் கடல்

அது யுத்தம் நடந்த காலம். ஸ்டாண்டை ஒரு திறந்த லொறியில் ஏற்றிக்கொண்டு நானும் நிஸ்தார் நானாவும் நீர்கொழும்புக்குப் புறப்பட்டோம். பாலிஷ் கெடாமல் இருக்கப் பழைய பெட்ஷீட் சுற்றியிருந்தோம். காற்றில் அது அவிழ்ந்துவிட்டது. ஆறு குழாயும் பீரங்கி மாதிரி வானத்தைப் பார்த்தபடி பளபளத்துக்கொண்டு போன கோலம், ஒரு சோதனைச் சாவடிக்கு முன்னால் லொறி நிற்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

துப்பாக்கி வைத்திருந்த பையன்கள் ஓடிவந்தார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார், திரும்பவும் படித்தார். பிறகு குழாய்களைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது தூண்டில் தடி வைக்கிறது சார் என்றேன். எங்கே செய்தது? கண்டிப் பக்கம் சார். அவர் கேட்டார்: "கண்டியில் எங்கேயடா கடல்?" நியாயமான கேள்விதான். நிஸ்தார் நானாவை லொறிப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். என்னை மட்டும் மண்மூட்டைக்குப் பக்கத்தில், கையை முழங்காலில் வைத்து உட்காரச் சொன்னார்கள். போகிற பஸ்ஸிலிருந்தவர்கள் என்னை எட்டிப்பார்த்தார்கள். எத்தனை வீட்டுக்குக் கேட்டும் பூட்டும் செய்து கொடுத்தவன், ஒரு தமிழ்ப் பெயரால் ஒரு நொடியில் வேறு ஆளாகிவிட்டேன். பயம் ஒரு பக்கம். பயத்தைவிட வெட்கம். அந்த வெட்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

நிஸ்தார் நானா டிரைவரின் போனை வாங்கி முதலாளிக்கு விடாமல் அடித்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவர் எடுத்தார். அதிகாரியிடம் பேசினார். அதிகாரி சிரித்தார், போகலாம் என்றார். போன் என் கைக்கு வந்தது. ஒரு மன்னிப்பு வரும், இல்லாவிட்டால் சாப்பிட்டீர்களா என்றாவது ஒரு வார்த்தை வரும் என்று காதில் வைத்தேன்.

"ஏன் பாஸ், அத மேல பார்க்க வச்சா ஏத்துறது? கவுத்து வச்சிருந்தா தண்ணிப் பைப்புன்னு விட்டிருப்பானே!"

குறுக்குக் கம்பி

ஸ்டாண்டைப் படகில் பொருத்திப் பூட்டினோம். ஒரு நூல் பிசகவில்லை. அன்டன் ஸ்டாண்டைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார். அப்போதுதான் முதலாளி குழாயின் அடிப்பக்கமாக விரலை விட்டு, குறுக்கே இருந்த சின்னக் கம்பியைத் தடவினார். "இது என்ன, மிச்சக் கம்பிய வெட்டாம விட்டுட்டீங்களா?" என்றார்.

பெரிய தூண்டில் தடியின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு இந்தக் கம்பியில் போய் உட்காரும். மீன் இழுக்கும்போது தடி சுழலாமல் இருக்கத்தான் அது. நான் சொன்னேன். அன்டனும் சொன்னார். முதலாளியின் மச்சான் வைத்திருந்த சின்னத் தடிகளில் அந்த வெட்டு இல்லை. அவை கம்பிமேல் நின்று லேசாக ஆடின. உடனே எல்லாவற்றையும் வெட்டு என்றார்கள். மாட்டேன் என்றேன். வேண்டுமானால் இரண்டு குழாயில் மட்டும் சின்னத் தடிக்குத் தோதாக ரப்பர் போட்டுத் தருகிறேன் என்றேன். முதலாளியின் முகம் சிவந்தது. என் முகமும் சிவந்துதான் இருந்திருக்கும். திரும்பி வரும்போது லொறியில் நிஸ்தார் நானா வாயைத் திறந்தார்.

"அவரு வெட்டத்தான் போறாரு, கணேசன். நீங்க வெட்டல்லங்கிற ஒன்னுதான் நமக்கு லாபம்."

மீன் போன பிறகு

நானா சொன்னபடியே, அங்கே யாரையோ பிடித்து ஆறு கம்பியையும் அறுத்துவிட்டார்கள். பிறகு நடந்ததை அன்டன்தான் போனில் சொன்னார். விடுதிக்கு வந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர், எத்தனையோ வருஷ ஆசை என்று கடலுக்குப் போயிருக்கிறார். வாள்போல மூக்கு நீண்ட ஒரு பெரிய கொப்பரா மீன் மாட்டியது. கம்பி இல்லாத குழாய்க்குள் தடி சுழன்று, தூண்டில் நரம்பு சுற்றிய சுருள் அடிப்பக்கம் திரும்பி இறுகிவிட்டது. அவர் இழுத்துப்பார்ப்பதற்குள் நரம்பு அறுந்து மீன் போய்விட்டது. கரைக்கு வரும்வரை அந்த மனிதர் வெறும் தடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

அடுத்த வாரம் முதலாளி ஸ்டாண்டைக் கழற்றி வேனில் போட்டுக்கொண்டு என் பட்டறை வாசலில் நின்றார். நான் ஸ்டாண்டைத் தூக்கி மேசையில் வைத்தேன். வேறு எவனோ கன்னாபின்னாவென்று அறுத்திருந்த இடத்தை நிஸ்தார் நானா தேய்த்துச் சுத்தமாக்கினார். ஆறு கம்பியையும் திரும்ப ஒட்டினேன். முதலாளி கதிரையில் சாய்ந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டே பார்த்தார். கடைசிக் கம்பி ஒட்டி முடிந்ததும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"இவ்வளவு முக்கியமான கம்பின்னா, அன்னைக்கே நீங்க இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும் பாஸ்."

இரும்பை வளைக்க எத்தனையோ மெஷின் கண்டுபிடித்தவர்கள், அதை வாங்க வருகிறவரையும் லேசாக வளைக்க ஒன்றைக் கண்டுபிடித்தால், கெலிஓயாவில் முதல் மெஷின் என் பட்டறையில்தான் இருக்கும்.