யாரும் அழக் கூடாது என்றேன்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் நாடகம் போட்டோம். பழைய ஸ்பானிய சோக நாடகத்தைத் தமிழாக்கியிருந்தோம். கணவன் இறந்த பிறகு மகள்களை வீட்டுக்குள் பூட்டிவைத்து ஆட்டிப்படைக்கும் தாய் வேடம் எனக்கு. பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் தினமும் ஜீப்பில் மலையேறிக் காய் எடுக்கப் போகிற பெண்கள்.

கடைசிக் காட்சியில் இளைய மகள் உயிரை விடுகிறாள். உடலைக் கிடத்தினார்கள். நான் கம்பைத் தரையில் ஓங்கித் தட்டி, "ஒருத்தியும் அழக் கூடாது! வெளியே சத்தம் கேக்கக் கூடாது!" என்றேன். அத்துடன் விளக்கு அணைய வேண்டும்.

முன்வரிசையில் இருந்த, பக்கத்துத் தேவாரம் ஊர்க்கார அக்கா ஒருவர் எழுந்தார்.

"இதென்ன கொடுமையா இருக்கு? செத்த பிள்ளைய அழுகாமயா அனுப்புறது?"

கொண்டையை அவிழ்த்துவிட்டு மேடைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே ஒரு கூட்டம். எங்கள் பக்கத்து எழவு வீட்டில் செய்வதுபோல, பிணத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, தோளில் கைபோட்டு ஒப்பாரி எடுத்தார்கள்.

"பூட்டுன வீட்டுக்குள்ள பூவா உதிர்ந்தியே..."

மறுபடியும் கம்பைத் தட்டினேன். ஒருவரும் திரும்பவில்லை. பிணமாகக் கிடந்த பெண்ணின் கண்ணோரம் நீர் வழிந்தது. அந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பெத்தவ நீதான? வந்து உக்காந்து அழு ஆத்தா."

வட்டத்தில் எனக்கும் இடம் விட்டிருந்தார்கள். கம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் வேறோர் ஊரில் அதே நாடகம். கம்பைத் தட்டியதும் விளக்கு அணைந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். யாராவது எழுந்து வருவார்களா என்று நான் இருட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.