ஜாதகம் வரும் நேரம்

தொண்ணூறுகளில் அமரவிளைச் சாலையோரம் இருந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் ஓர் அக்கா வேலை பார்த்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, விரல்களில் எப்போதும் பிரிண்டர் ரிப்பனின் மை. பொருத்தம் பார்க்கும் புரோகிராமை எழுதியவன் நான். முதலாளி வேகம் கேட்டார். கண்மூடித் திறப்பதற்குள் விடை வரும்படி செய்துகொடுத்தேன்.

ஒருநாள் போய்ப் பார்த்தால், அக்கா எண்டரைத் தட்டியதும் முகம் துடைக்கும் துவர்த்தைத் திரைமேல் போட்டு மூடிவிட்டார். பொருத்தம் கேட்டு வந்திருந்த, பெண்ணின் அப்பாவிடம் ஆற அமர ஊர்க்கதை பேசிய பிறகே துவர்த்தை எடுத்தார்.

"எதுக்குக்கா மூடுதீங்க?"

"ஒடனே வந்தா ஆளுவ நம்பமாட்டாவ மக்கா. ஜோசியரு அரைநாள் இருந்து பாக்கிய காரியமாக்கும். கொஞ்சம் தாமசிச்சு வரும்படி ஆக்கித் தா."

'கணக்குப் பார்க்கிறது' என்று ஒரு வரியைக் காட்டி, புரோகிராமைச் சற்றுநேரம் சும்மா நிற்கவைத்தேன். அதன்பின் துவர்த்து தேவைப்படவில்லை.

அடுத்த முறை போனபோது, அக்கா தன் மகளுக்கு வந்த வரனுக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அந்த வரி வந்தது. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி எழுந்து நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் பேசவிடாமல் தடுத்தார்.

"மிண்டாத மக்கா. அது பாத்துட்டு இருக்குல்லா."

எழுதிய நானே ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் இன்றும் விளங்கவில்லை.